இளைத்த அம்மாவும் இளைக்காத அக்காவும்

அம்மாவின் விரலிலிருந்து மோதிரம் கழன்று வாஷ்பேசினில் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. முப்பது வருடமாக அந்த விரலை விட்டு அசையாத மோதிரம். சோப்பு நுரை போட்டுத் திருகினாலும் மூட்டைத் தாண்டி வராது. அன்றைக்குக் கை கழுவும்போது தானாக வழுக்கி விழுந்தது. நான்தான் எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். "பாரும்மா, விரல்கூட இளைச்சிடுச்சு உனக்கு" என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன். அம்மாவும் கூச்சப்பட்டுச் சிரித்தாள்.

மூன்று வருடத்துக்கு முந்தைய கதை இது. அம்மாவுக்கு அப்போது 71 வயது. ஏழு மாதத்தில் 62 கிலோவிலிருந்து 54 கிலோவுக்கு வந்திருந்தாள். பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். "அக்கா, பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கியே, அப்படி என்னதான் செய்யற?" என்று சித்தி கேட்டாள். "வயசான காலத்துல உடம்பு லேசா இருக்கறதுதான் நல்லது" என்றார் மாமா. இடையிடையே அம்மா வேறு சிலதும் சொல்லிக்கொண்டிருந்தாள். பசியே எடுப்பதில்லை. எதையும் செய்யத் தோன்றவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கையை ஊன்ற வேண்டியிருக்கிறது. அதற்கெல்லாம் எங்கள் எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருந்தது: "வயசாச்சில்லம்மா."

"நெஞ்சுக்குள்ள என்னமோ படபடன்னு அடிச்சுக்குதுடி" என்று அவள் ஒரு ராத்திரி எழுப்பிய பிறகுதான் மருத்துவமனைக்குப் போனோம். இதயத் துடிப்பு தாளம் தப்பியிருந்தது. மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். எடை பற்றிக் கேட்டபோது நான் முந்திக்கொண்டு, "எட்டு கிலோ குறைச்சிருக்காங்க டாக்டர்" என்றேன்.

"குறைச்சாங்களா, குறைஞ்சுதா?"

அந்தக் கேள்விக்கு முன்னால் எனக்கு வாயடைத்துப் போனது. ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். அம்மா எதையும் குறைக்கவில்லை. அவள் உடம்புதான் குறைந்துகொண்டிருந்தது.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரப்பது தெரிந்தது. இளம் வயதில் இது வந்தால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், சாப்பிடச் சாப்பிடப் பசிக்கும், யாரும் கண்டுபிடித்துவிடலாம். முதியவர்களிடம் இது வேறு வேஷத்தில் வரும். சோர்வு, பசியின்மை, ஒதுங்கி உட்கார்ந்திருப்பது, மெலிவு. அதாவது முதுமை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் அத்தனையும். வயதானவர் ஒருவர், தான் முயலாமலே, ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் தன் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இழந்தால் காரணத்தைத் தேட வேண்டும் என்பது மருத்துவர்களுக்குப் பாலபாடம். அம்மாவின் கணக்கில் அது 3 கிலோ சொச்சம். அந்தக் கோட்டை அவள் தாண்டி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அத்தனை மாதமும் நாங்கள் கை தட்டிக்கொண்டிருந்தோம்.

இதை எழுத உட்கார்ந்தது அம்மாவுக்காக மட்டும் இல்லை. எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அக்காவுக்கு ஒன்பது வயதிலிருந்தே பெரிய உடம்பு. நானும் அவளும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். நான் மெலிந்தே இருந்தேன், அவள் பருத்துக்கொண்டே போனாள். அவள் தட்டைப் பார்க்காத பெரியவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. "போதுமே" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அவள் கை தட்டிலேயே நின்றுவிடும். இன்றைக்கு அவளுக்கு 54 வயது. நாலு பேர் முன்னால் அவள் வயிறாரச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. புகைப்படம் எடுக்கும்போது யார் முதுகுக்குப் பின்னாலாவது நின்றுகொள்வாள். எங்கள் வீட்டில் எவ்வளவோ படங்கள் இருக்கின்றன. அக்காவின் முகமும் ஒரு தோளும் மட்டும்தான் அவற்றில் இருக்கும்.

அவளுடைய 46வது வயதில் படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் பார்த்த மருத்துவர் அவள் உள்ளே நுழைவதைப் பார்த்தவுடனேயே முடிவெடுத்துவிட்டார். "எடையைக் குறைங்க." இரண்டாவது மருத்துவரும் அதையே சொன்னார். மூன்றாவது மருத்துவர் அதோடு ஒரு உணவு அட்டவணையையும் கொடுத்தார். இரண்டு வருடம் போனது. நாலாவதாகப் பார்த்தவர் ஒரு வயதான அம்மையார். அவர் மாதவிடாய் பற்றிக் கேட்டார். கர்ப்பப்பையில் கட்டிகள் இருந்தன. மாதாமாதம் ரத்தம் போய்ப் போய், ஹீமோகுளோபின் 6.8க்கு இறங்கியிருந்தது. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். அந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு எந்த எடையில் இருப்பவருக்கும் படியேற மூச்சு வாங்கத்தான் செய்யும்.

"குறைங்க", "வயசாச்சு". இந்த இரண்டு வார்த்தைகளைத்தான் நான் மூன்று வருடமாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டும் பதில் போலத் தோன்றும், ஆனால் கேள்வி அங்கேயே செத்துவிடும். அக்காவின் மூச்சிரைப்பை ஒரு வார்த்தை மூடியது, அம்மாவின் சோர்வை இன்னொன்று மூடியது. சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அக்கறையோடுதான் சொன்னார்கள். அம்மாவிடம் அதைச் சொன்னவர்களில் நானும் உண்டு.

உடல் நிறை குறியீட்டெண், அதாவது பி.எம்.ஐ., எங்கிருந்து வந்தது என்று அதற்குப் பிறகு தேடிப் படித்தேன். எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தால் அதை இரண்டு முறை வகுத்தால் வரும் எண். 1830களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் கெட்லே இந்த விகிதத்தைக் கண்டார். அவர் வானியலாளர், புள்ளியியலாளர், மருத்துவர் இல்லை. மக்கள் கூட்டத்தின் சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்பதுதான் அவருடைய ஆர்வம். ஒரு தனி மனிதரின் உடல்நலத்தை அளக்க அவர் அதை உண்டாக்கவில்லை. 1972இல் அமெரிக்க உடலியலாளர் ஆன்சல் கீஸ் ஐந்து நாடுகளில் ஏழாயிரம் பேருக்கு மேல் அளந்து, கொழுப்பைத் தோராயமாகக் கணிக்க இது பரவாயில்லை என்று சொல்லி, இன்றைய பெயரையும் வைத்தார். அந்த ஏழாயிரம் பேரும் ஆண்கள். 1998இல் அமெரிக்காவில் 'அதிக எடை' என்பதன் கோட்டை ஏறக்குறைய 27இலிருந்து 25க்கு இறக்கினார்கள். முந்தின நாள் சரியான எடையோடு தூங்கப் போன சுமார் 3 கோடி பேர் காலையில் அதிக எடையோடு எழுந்தார்கள். அவர்கள் உடம்பில் ஒரு கிராம்கூட மாறவில்லை.

பயனில்லாத எண் என்று சொல்லவில்லை. லட்சக்கணக்கான பேரை ஒன்றாகப் பார்க்கும்போது அது நிறையச் சொல்கிறது. ஆனால் அதற்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான். கொழுப்பு தொடையில் இருக்கிறதா, ஈரலைச் சுற்றி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அம்மா 54 கிலோவில் இருந்தபோது அந்த எண் அவளுக்கு அழகாக வந்தது. அதே நேரத்தில் அவளுடைய தொடைத் தசை கரைந்துகொண்டிருந்தது. 2025 ஜனவரியில் லான்செட் மருத்துவ இதழ்க் குழுமத்தின் நிபுணர் குழு ஒன்று, இந்த எண்ணை மட்டும் வைத்து யாரையும் நோயாளி என்று சொல்லாதீர்கள், உறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா, அன்றாட வேலை தடைப்படுகிறதா என்று பாருங்கள் என்றது. படித்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. அக்கா இதற்கு முப்பது வருடம் காத்திருந்தாள் என்று நினைத்தபோது ஆறுதல் போய்விட்டது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உடல் பருமன் தீங்கு செய்யும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, முழங்கால் மூட்டுத் தேய்மானம், சில வகைப் புற்றுநோய்கள் என்று பலவற்றோடு அதற்குத் தொடர்பு இருப்பது உறுதியாகத் தெரிந்ததுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் 89 கோடி வயது வந்தவர்கள் உடல் பருமனோடு இருந்தார்கள். அக்காவுக்கும் இது தெரியும். பருத்த உடம்போடு வாழும் எவருக்கும் இது தெரியாமல் இருக்காது, ஏனென்றால் தினமும் யாராவது ஒருவர் அவர்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

சொல்வதால் எடை குறையும் என்றால் உலகத்திலேயே மெலிந்தவள் என் அக்காவாகத்தான் இருப்பாள்.

வாயைக் கட்டினால் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்ல ஆசை. தொலைக்காட்சியில் நடந்த ஒரு எடைகுறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை, கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு ஆறு வருடம் கழித்து மறுபடி அளந்தது. 2016இல் முடிவு வெளியானது. இழந்த எடையில் பெரும்பகுதி அவர்களுக்குத் திரும்பியிருந்தது. அதைவிட என்னை உலுக்கியது இன்னொன்று. ஆறு வருடம் கழித்தும் அவர்கள் உடம்பு ஓய்வில் இருக்கும்போது செலவழிக்கும் ஆற்றல், அந்த அளவு உடம்புக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. அதாவது உடம்பு பஞ்சம் வந்துவிட்டதாக நினைத்து, பஞ்சம் முடிந்த பிறகும் சிக்கனத்தை விடவில்லை. கொழுப்பு செல்களே லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து மூளைக்குச் சேதி அனுப்புகின்றன என்று 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மேனின் ஆய்வகம் கண்டுபிடித்தது. எடை குறைந்தால் லெப்டினும் குறையும், பசி கூடும். சின்ன வயதிலேயே பிரிக்கப்பட்டு வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையர்கூட எடையில் ஒருவரையொருவர் பெரிதும் ஒத்திருந்தார்கள். அக்கா நாலு முறை பதினைந்து, இருபது கிலோ குறைத்திருக்கிறாள். நாலு முறையும் திரும்ப வந்தது. நாலு முறை மனதைக் கட்டுப்படுத்திக் காட்டிய ஒருத்தியைத்தான் மனக்கட்டுப்பாடு இல்லாதவள் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெசா சார்ல்ஸ்வொர்த்தும் மஹ்சரின் பானாஜியும் 2019இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 2007 முதல் 2016 வரை இணையத்தில் எடுக்கப்பட்ட 44 லட்சம் சோதனைகளின் முடிவு அது. மனதின் அடியில், நமக்கே தெரியாமல் கிடக்கும் சாய்வுகளை அளக்கும் சோதனை. பாலின ஈர்ப்பு பற்றிய சாய்வு அந்தப் பத்து வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இனம், தோல் நிறம் பற்றியவையும் குறைந்தன. முதுமை பற்றியதும் உடல் ஊனம் பற்றியதும் ஏறக்குறைய அப்படியே நின்றன. உடல் எடை பற்றியது ஒன்றுதான் இன்னும் மோசமான பக்கம் நகர்ந்தது. மற்ற விஷயங்களில் நாம் வெட்கப்படக் கற்றுக்கொண்டிருக்கிறோம். அம்மா விஷயத்திலும் அக்கா விஷயத்திலும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

ஏன் என்று யோசித்தால், இந்த இரண்டையும் பற்றிப் பேச நம்மிடம் ஒரு நல்ல வார்த்தை இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது: ஆரோக்கியம். ஒருவர் தோலின் நிறத்தைப் பற்றிச் சபையில் பேசினால் கேட்பவர் முகம் சுளிப்பார். வயிற்றைப் பற்றிப் பேசிவிட்டு, "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று முடித்தால் யாரும் எதுவும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் நீண்ட காலம் தொடர்ந்து கவனிக்கப்பட்ட பல்லாயிரம் பேரின் தகவல்களை ஆராய்ந்து 2015இல் வந்த ஒரு ஆய்வில், எடைக்காகத் தாங்கள் பாகுபாடு காட்டப்பட்டதாகச் சொன்னவர்களுக்கு இறப்பு அபாயம் சுமார் 60 சதவீதம் அதிகமாக இருந்தது. அவர்களுடைய எடையையும் இருந்த நோய்களையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. காரணம் இதுதான் என்று ஒரு ஆய்வு நிரூபித்துவிடாது. ஆனால் அவமானம் மருந்து இல்லை என்று சொல்ல எனக்கு இது போதும்.

முதுமைக்கு வருகிறேன். ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் 1969இல், இனவெறிக்கு ஒரு பெயர் இருப்பது போல வயதை வைத்து ஒதுக்குவதற்கும் ஒரு பெயர் வேண்டும் என்று 'ஏஜிசம்' என்ற சொல்லை உண்டாக்கினார். பெயர் கிடைத்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. வயதானவரிடமிருந்து முதலில் நாம் பறித்துக்கொள்வது அவருடைய எதிர்பார்ப்பைத்தான். "இனிமே என்ன ஆகப்போகுது" என்று அம்மா சொல்வாள். அது அவள் வாக்கியம் இல்லை, நாங்கள் சொல்லிக் கொடுத்தது. யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி 50 வயதைத் தாண்டிய 660 பேரின் தகவல்களைக் கொண்டு 2002இல் சொன்னது: தங்கள் முதுமையைப் பற்றி நல்லவிதமாக நினைத்தவர்கள், மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள்.

தைராய்டுக்கு மாத்திரை கொடுத்து, சில மாதங்களில் இதயத் துடிப்பு சீரான பிறகு, அம்மாவை ஒரு இயன்முறை மருத்துவரிடம் அழைத்துப் போனோம். சின்னப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. எடை பார்க்கும் இயந்திரம் அவர் அறையில் எங்கேயும் இல்லை. ஒரு நாற்காலியைச் சுவரோடு சாய்த்துப் போட்டு, "பாட்டி, கையை நெஞ்சுல குறுக்கா வெச்சுக்கோங்க. முப்பது நொடியில எத்தனை தடவை எழுந்து உட்கார முடியுதுன்னு பார்ப்போம்" என்றார். எழுபதைத் தாண்டிய பெண்களுக்குப் பத்துக்குக் கீழே போனால் சராசரிக்குக் குறைவு. அம்மா நாலு முறை எழுந்தாள். ஐந்தாவது முறை கை தானாக நாற்காலியைத் தேடியது.

"இந்த வயசுல தசை வளருமா?" என்று அம்மாவே கேட்டாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒரு ஆய்வைச் சொன்னார். வீட்டுக்கு வந்து தேடினேன், உண்மைதான். 1990இல் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர், முதியோர் இல்லத்தில் தளர்ந்துபோயிருந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார். அவர்களுடைய சராசரி வயது 90. தசை வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில்! அதற்கு முன்னால் அவர்களிடம் யாரும் எடையைத் தூக்கச் சொன்னதில்லை என்பதுதான் குறை.

எனக்கு இப்போது 49. வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருக்கிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறையக் குறைய, இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் இடம் மாறும். 'நாற்பதைத் தாண்டினால் மெட்டபாலிசம், அதாவது உடம்பு ஆற்றலைச் செலவழிக்கும் வேகம், படுத்துவிடும்' என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். 29 நாடுகளில் 6,400 பேருக்கு மேல் அளந்து 2021இல் வந்த ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது: உடலளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால் 20 வயதிலிருந்து 60 வரை அது ஏறக்குறைய மாறுவதே இல்லை, அதற்குப் பிறகுதான் மெதுவாகக் குறைகிறது. இதைத் தெரிந்துகொண்டும் கண்ணாடி முன்னால் மூச்சை உள்ளே இழுத்து நிற்கிறேன். எதற்குப் பயப்படுகிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நோய்க்கு இல்லை. அக்காவைப் பார்த்தவர்கள் பார்த்த பார்வை என் மேல் விழுந்துவிடுமோ என்றுதான். இத்தனை வருடமும் அக்கா மேல் நான் காட்டிய அக்கறையில் இந்தப் பயமும் கலந்திருந்தது என்பதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

போன வருடம் அக்கா ஒரு நாள் தொலைபேசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஊசி போட்டுக்கலாமான்னு பார்க்கறேன். யார்கிட்டயும் சொல்லாதே" என்றாள். செமாக்ளுடைட். 2021இல் வெளியான பெரிய ஆய்வில், 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடையைக் குறைத்த மருந்து. நிறுத்தினால் பெரும்பகுதி திரும்பிவிடும், கொழுப்போடு தசையும் கொஞ்சம் போகும்; இதெல்லாம் மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டியவை. என் மனதில் தைத்தது 'சொல்லாதே' என்ற அந்தச் சொல்தான். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவதை யாரும் ஒளிப்பதில்லை. இத்தனை காலம் "மனசு வெச்சா குறைக்கலாம்" என்று சொன்னவர்களே இன்று "ஊசி போட்டுக் குறைச்சதெல்லாம் ஒரு கணக்கா" என்கிறார்கள். எடை குறைவதுதான் வேண்டும் என்றால் எப்படிக் குறைந்தால் என்ன? அவர்களுக்கு வேண்டியது பிராயச்சித்தம். அக்கா பட்டினியால் வாடி, வியர்வை சிந்தி, கண் முன்னால் கஷ்டப்பட்டுக் குறைத்தால்தான் மன்னிப்பார்கள் போலிருக்கிறது.

அம்மா இப்போது 59 கிலோ. போன வாரம் பதினொரு முறை எழுந்தாள். "குண்டாயிட்டியே" என்று சித்தி சொன்னதற்கு, "ஆமாம், நல்லாயிருக்கேன்" என்றாள்.

அக்காவுக்கு ஆறு மாதமாக இடது முழங்காலில் வலி. போன மாதம் நானும் கூடப் போனேன். உள்ளே நுழைந்ததும் மருத்துவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "முதல்ல வெயிட்டைக் குறைக்கணும்மா" என்று ஆரம்பித்தார். அக்கா கைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தாள். முந்தின ராத்திரி எழுதி வைத்தது. குரல் நடுங்கப் படித்தாள்: "டாக்டர், ஒல்லியா இருக்கற ஒருத்தருக்கு இதே வலி வந்தா நீங்க என்னென்ன பார்ப்பீங்களோ, அதை எனக்கும் பாருங்க."

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து வந்து, அவளைப் படுக்கச் சொல்லி, முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக மடக்கினார். "இங்க வலிக்குதா? இங்க?" அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வலியால் என்று நினைத்தேன். வெளியே வந்த பிறகுதான் சொன்னாள், இந்த ஆறு மாதத்தில் பார்த்த மூன்று பேரில், அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்று.